உண்மையான ஆராதனை எது? ஓசூர் தம்பி ஒருவருக்கு விரிவான பதில்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய சொந்த ஊர் கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்து குடும்பம் போகும் அந்த ஊர் ஆலயத்தில் ஞானப்பாட்டும் புத்தகத்தில் அச்சிட்ட ஜெபமும்தான். ஓசூரில் நண்பர்கள் அழைத்துப்போகும் சபையில் கீபோர்டு, டிரம்ஸ், கைதட்டல், கண்ணீர். "உங்கள் ஊரில் நடப்பது செத்த ஆராதனை" என்கிறார்கள் நண்பர்கள். "அங்கே நடப்பது கச்சேரி" என்கிறார் அப்பா. தம்பிக்கோ சில மாதங்களாக இரண்டு இடத்திலும் மனதில் எதுவும் அசையவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்தால் ஞாயிறு காலையில் தூங்கிவிடுகிறார். இதற்கு நடுவே கிணற்றுப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று இருவரும் ஒரே வரிசையில் நின்று, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வாங்குகிறார்கள். "உண்மையான ஆராதனை என்றால் என்ன? நான் செய்வது வேஷமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குகிறேன். தேவன் நமக்குச் செய்ததை அறிந்து, அதற்கு மறுமொழியாக நம்மையே அவர் கையில் கொடுப்பதுதான் ஆராதனை. பாட்டும் ஜெபமும் திருவிருந்தும் காணிக்கையும் அந்தக் கொடுத்தலைச் சபையாகச் சேர்ந்து செய்கிற விதங்கள். அதே கொடுத்தல் தொழிற்சாலையிலும், வயலிலும், கூலி எண்ணிக் கொடுக்கும்போதும், உடன்பிறந்தவனோடு பேசும்போதும் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடப்பது ஆராதனை, மற்ற ஆறு நாளும் நடப்பது அதன் பலன் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நம் பிரசங்கங்களில் உண்டு. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை. வேதம் இரண்டையும் ஆராதனை என்றே சொல்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பதினோரு அதிகாரங்கள் தேவனுடைய இரக்கத்தைப் பற்றியே எழுதுகிறார். பன்னிரண்டாம் அதிகாரத்தை "அப்படியிருக்க" என்று தொடங்கி, உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை என்கிறார். சரீரம் என்றால் கையும் காலும் வாயும்தான். ஷிப்டுக்குப் போவதும், சம்பளம் வாங்குவதும், அண்ணனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அதே சரீரம்தான்.

இதில் தேவன் முந்திக்கொள்கிறார் என்பதை விட்டுவிடக் கூடாது. மோசே பார்வோன் முன்னால் நின்று சொன்னது, "எனக்கு ஆராதனை செய்ய என் ஜனங்களைப் போகவிடு" என்ற கர்த்தருடைய வார்த்தை. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளுக்கு விடுதலை முதலில் வந்தது. சீனாய் மலையும் பத்துக் கட்டளைகளும் ஆசரிப்புக் கூடாரமும் அதற்குப் பிறகுதான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காகச் செங்கல் சூளையில் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்த விடுதலையைச் சொல்லும் யாத்திராகமத்தை அவர்களிடம் வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறேன், கடன் அடைந்தால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகத் தருகிறேன் என்று பேரம் பேசுகிறோம். நன்றி சொல்லிக் கூட்டம் வைப்பது நல்லதுதான். ஆனால் தேவனுடைய மனதை நம் பக்கம் திருப்புவதற்கான கட்டணமாக ஆராதனையை நினைத்தால், சிலுவையில் நமக்காக ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை நாம் நம்பவில்லை என்றாகிவிடுகிறது.

இப்போது உங்கள் அப்பாவுக்கும் நண்பர்களுக்கும் நடுவில் இருக்கிற வழக்குக்கு வருகிறேன். இது புது வழக்கல்ல. யோவான் நான்காம் அதிகாரத்தில் சீகார் ஊர்க் கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்டது இதைத்தான். எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்கள் எருசலேம் என்கிறீர்கள், எது சரி? அவள் சுட்டிய கெரிசீம் மலையில் சமாரியருக்கு ஒரு காலத்தில் கோயில் இருந்தது. கிறிஸ்துவுக்குச் சுமார் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் யூத ஆட்சியாளரான யோவான் ஹிர்கானு அதை இடித்தான். ஆகவே அவளுடைய கேள்வியில் பல தலைமுறைக் காயம் இருந்தது. இயேசு ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ளவில்லை. உண்மையாய்த் தொழுதுகொள்ளுகிறவர்கள் பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளும் காலம் இப்பொழுதே வந்திருக்கிறது என்றார். அதற்கு முன்பாக, அவளுடைய குடும்ப வாழ்க்கையில் இருந்த சிக்கலை அவர் எடுத்துப் பேசிவிட்டார் என்பதையும் கவனியுங்கள். அவள் பேச்சை மலைக்குத் திருப்பினாள். நாமும் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி நெருங்கும்போது சட்டென்று எந்தச் சபை, எந்தப் பாட்டு என்ற விவாதத்துக்குப் போய்விடுகிறோம். எருசலேம் தேவாலயத்தையும் கி.பி. 70இல் ரோமர்கள் அழித்தார்கள். அதற்குப் பிறகும் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடி அப்பம் பிட்டார்கள்.

நம் பகுதியையே பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் உள்ளடக்கிய கத்தோலிக்க மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. எலத்தகிரி, கோவிலூர் போன்ற ஊர்களில் கத்தோலிக்க விசுவாசம் அதைவிடப் பல தலைமுறை பழையது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை இந்தியாவில் தன் ஊழியத்தை 1895இல் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். தென்னிந்தியத் திருச்சபை இருக்கிறது. தெருவுக்குத் தெரு பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் குடும்பங்கள் ஏராளம். ஒரு மொழியில் ஜெபம் தொடங்கி இன்னொரு மொழியில் ஆமென் சொல்வது அங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. கத்தோலிக்கத் திருப்பலி தமிழில் ஒலிக்கத் தொடங்கியதே 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு வழிதிறந்த பிறகுதான். அதற்கு முன் இலத்தீனில் நடந்த பூசையில் முழங்காலிட்டிருந்த நம் பாட்டிகள் ஆராதிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஞானப்பாட்டின் மெட்டுகளில் பல ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்தவை. கீர்த்தனைகள் கர்நாடக இசையின் ராகங்களில் பிறந்தவை. இன்று கீபோர்டில் வாசிப்பது திரையிசையின் சாயல் கொண்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்குப் பழகிய ஓசையைத் தேவனிடம் கொண்டுவருகிறது. அதில் குற்றமில்லை. அடுத்தவன் கொண்டுவரும் ஓசையைச் செத்தது என்றும் கச்சேரி என்றும் சொல்வதுதான் குற்றம். அப்பாவிடமும் நண்பர்களிடமும் இதை மரியாதையோடு சொல்லுங்கள்.

அப்படியென்றால் மனம் சுத்தமாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் ஆராதிக்கலாமா? கூடாது. சீனாய் அடிவாரத்தில் பொற்கன்றுக்குட்டியைச் செய்தபோது ஆரோன் அறிவித்தது என்ன தெரியுமா? "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை." வேறு தெய்வத்தின் பெயரை அவன் சொல்லவில்லை. ஜனங்கள் அதிகாலையில் எழுந்தார்கள், நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அவர்கள் தொழுதது தாங்களே வடித்துக்கொண்ட ஒரு தேவனை. மேடையிலிருக்கிற மனிதரைச் சுற்றியே பாட்டும் சாட்சியும் சுழல்கிற சபைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த அதிகாரம் நினைவுக்கு வருகிறது. ஆசீர்வாதம், வீடு, கார், விசா என்று மட்டுமே பேசி, சிலுவையைப் பேசாத பிரசங்கங்களைக் கேட்கும்போதும் அப்படியே. ஆகவே எந்தச் சபைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், இசையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே வேதம் ஒழுங்காக வாசித்து விளக்கப்படுகிறதா, பேச்சின் மையத்தில் கிறிஸ்து இருக்கிறாரா, காணிக்கைக்குக் கணக்குச் சொல்கிறார்களா, செருப்பில்லாமல் வருகிறவருக்கும் நாற்காலி கிடைக்கிறதா என்று பாருங்கள். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தின் முதல் பாதி அந்தக் கடைசிக் கேள்விதான். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தினவனுக்குப் பாதபடி அருகில் தரை என்றால், அங்கே எவ்வளவு அழகாகப் பாடினாலும் அது ஆராதனையாக நிற்காது.

அடுத்தது, மனதில் எதுவும் அசையவில்லை என்று எழுதியது. இதைப் படித்தபோது எனக்குக் கவலையைவிட உங்கள்மேல் பரிவுதான் வந்தது. உடல் சிலிர்த்தால் ஆராதனை, சிலிர்க்காவிட்டால் இல்லை என்ற அளவுகோலை யாரோ உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைக் கீழே வைத்துவிடுங்கள். யோபுவுக்குப் பிள்ளைகள் பத்துப் பேரும் இறந்த செய்தி வந்த நாளில் அவர் சால்வையைக் கிழித்து, தரையில் விழுந்து பணிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஆனந்தம் பொங்கியிருக்கும்? சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பதின்மூன்றாம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில்கூட ஒரு நம்பிக்கை வரி இல்லை. இந்தப் பாட்டுகளையும் இஸ்ரவேலர் தேவாலயத்தில் பாடினார்கள். உங்கள் வறட்சியை ஒளித்துவைத்துக்கொண்டு கையை உயர்த்துவதைவிட, "ஒன்றும் தோன்றவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று சொல்வது உண்மையோடு தொழுவதுதான். நம் ஊர் மாந்தோப்புக்காரர்களுக்குத் தெரியும், மாமரம் ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அடுத்த வருடம் ஓய்ந்துவிடும். ஓய்ந்த வருடத்தில் யாரும் மரத்தை வெட்டுவதில்லை. தண்ணீர் கட்டுவதையும் எரு வைப்பதையும் நிறுத்துவதுமில்லை. எழுதிவைத்த ஜெபங்களின் அருமை இப்படிப்பட்ட காலங்களில்தான் தெரியும். சொந்த வார்த்தை வற்றிய நேரத்தில் சபையின் வார்த்தை நம்மைத் தாங்குகிறது. மற்றபடி தூக்கமின்மை, இரவு வேலை, சரியாகச் சாப்பிடாதது இவையும் மனதை மரத்துப்போகச் செய்யும். அதற்கு ஓய்வும், தேவைப்பட்டால் மருத்துவரும்தான் வழி. அதை ஆவிக்குரிய குறைபாடு என்று எண்ணிக் குமைய வேண்டாம்.

இதைவிட எனக்குக் கனமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். தீர்க்கதரிசிகள் ஆராதனையைப் பற்றிப் பேசும்போது மிகவும் கடுமையாகப் பேசுவது, ஆராதனையைச் சிறப்பாக நடத்துகிறவர்களைப் பார்த்துத்தான். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவாவைச் சேர்ந்த மேய்ப்பன் ஆமோஸ், வடக்கே பெத்தேலில் போய் நின்றான். அங்கே பண்டிகையும் கொழுத்த பலியும் இசையும் குறைவில்லாமல் நடந்தன. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று கர்த்தர் சொல்வதாக அவன் அறிவித்தான். ஏன் அப்படி? எளியவனை ஒரு ஜோடு செருப்புக்காக விற்றார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம், மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசில் எப்போது விற்கலாம் என்று ஆராதனையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார்கள். அவர்களிடம் ஆமோஸ் கேட்டது, நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவர வேண்டும் என்பதை. பாலஸ்தீன நாட்டின் ஓடைகளில் பெரும்பாலானவை மழைக்காலத்தில் சீறி ஓடிவிட்டுக் கோடையில் வெறும் கல்லாகக் கிடப்பவை. பண்டிகை நாளில் மட்டும் பெருகி மற்ற நாளில் வறண்டுபோகும் பக்தியைத்தான் அவன் கண்டிக்கிறான். ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டுச் சலித்த, புளோரைடு கலந்த தண்ணீரால் பல் கறுத்த தலைமுறைகளைக் கண்ட நம் மாவட்டத்தாருக்கு, வற்றாத நதி என்ற சொல்லின் எடை தனியாகத் தெரியும்.

உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லும் காரணமும் இதுதான். நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். அப்படியானால் தன் தோட்டத்தில் மாங்காய் பறிப்பவரையும் ரோஜா கொய்பவரையும் ஏழு நாளும் ஓட்டிக்கொண்டு, தான் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வுநாளைக் கைக்கொள்ளவில்லை. கூலியைச் சனிக்கிழமை தராமல் இழுத்தடித்துவிட்டு ஞாயிறு காணிக்கைப் பையில் பெரிய நோட்டைப் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். வயல்களை அறுத்த வேலைக்காரரின் கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். அந்தக் கூக்குரலுக்கு மேலாக நம் ஒலிபெருக்கியை வைத்து மறைத்துவிட முடியாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பூசணிக்காயைப் போட்டிபோட்டு ஆயிரக்கணக்கில் எடுப்பவரின் பெயர் மூன்று முறை அறிவிக்கப்படுகிறது. ஒரு படி கேழ்வரகை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்த பாட்டியின் பெயரை யாரும் சொல்வதில்லை. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட ஏழை விதவையைச் சுட்டிக்காட்டினார் என்பதை மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் வாசித்த பிறகும் நாம் இப்படிச் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வேலைக்கும் இதே அளவுதான். பாகத்தின் அளவை எடுக்காமலே தாளில் சரி என்று எழுதிக் கையொப்பம் இடும்படி ஷிப்ட் முடிகிற நேரத்தில் நெருக்கடி வரும். அந்த நேரத்தில் அளந்து பார்த்து, இருப்பதை எழுதுவது ஆராதனை. எங்கோ ஒரு வண்டியின் பிரேக் அதை நம்பி இருக்கிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதியபோது பவுல் பேசிக்கொண்டிருந்தது அடிமை வேலைக்காரர்களோடு. கோயில் ஊழியர்களுக்கு எழுதிய வரி அல்ல அது.

ஆதிச்சபைக்கு வெளியே இருந்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டின் ரோம ஆளுநரான பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுப் பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினான். இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள். திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தின் சாரம் இது. பாட்டும் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரே கூட்டத்தின் இரண்டு பகுதிகளாக இருந்தன. அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து ரோமிலிருந்து எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிறு கூட்டத்தை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் வாசிக்கப்படும், தலைவர் போதிப்பார், எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள், அப்பமும் ரசமும் பகிரப்படும், வர முடியாதவர்களுக்கு எடுத்துச்செல்லப்படும். வசூலாகும் பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் அந்நியருக்கும் போகும். கட்டட நிதியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் மாவட்டத்தில் ஆராதனையைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசிப்பது என்று பவுல் எச்சரித்தது இந்தப் பின்னணியில்தான். நாமோ அந்த வசனத்தை அவரவர் மனதுக்குள் செய்த பாவங்களை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டோம். ஏழையை வெட்கப்படுத்தும் சபை கர்த்தருடைய சரீரத்தையே அறியாத சபை என்பதுதான் அங்கே இருக்கிற குற்றச்சாட்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் தமிழ்நாட்டில் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. பீரோவில் வைத்திருந்த பள்ளிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் சாம்பலான குடும்பங்கள் இந்த மாவட்டத்தில்தான் வாழ்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில் ஒரே பாத்திரத்திலிருந்து பருகுகிற திருவிருந்து வெறும் சடங்காக இருக்க முடியாது. மேசையில் ஒன்றாக நின்றுவிட்டு, ஊருக்குள் போனதும் பழைய எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் அந்த மேசையில் என்ன வாங்கினோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், நேர்மையாக வாழ்ந்தால் போதும், ஞாயிறு கூட்டம் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முடிவுக்கு எளிதாகப் போய்விடலாம், ஆனால் அது தவறு. தனியாக இருக்கும்போது நாம் நமக்குப் பிடித்த வசனத்தையே வாசிப்போம், நமக்குப் பிடித்தவர்களுக்காகவே ஜெபிப்போம். சபையில் நாம் தேர்ந்தெடுக்காத வசனம் நம்மேல் வந்து விழுகிறது, நாம் தேர்ந்தெடுக்காத மனிதர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். அப்பமும் ரசமும் வேறொருவர் கையிலிருந்துதான் வர வேண்டும், யாரும் தனக்குத்தானே எடுத்துக்கொள்வதில்லை. ஷிப்ட் விஷயத்தில் வழி இருக்கிறது. ஞாயிறு காலை முடியாவிட்டால் மாலை ஆராதனை நடக்கும் சபைகள் ஓசூரில் உண்டு. மாதத்தில் சில ஞாயிறுகளுக்காவது சனி இரவு ஷிப்டை மாற்றித் தரும்படி உடன் வேலை செய்பவரிடம் கேளுங்கள், பதிலுக்குத் தீபாவளி, பொங்கல், ரம்ஜான் சமயத்தில் அவருக்காக நீங்கள் நில்லுங்கள். தாவீது ராஜா பலிபீடம் கட்ட இடம் கேட்டபோது, எபூசியனான அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகத் தர முன்வந்தான்; தாவீதோ ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தே வாங்கினார். செலவில்லாமல் பலி செலுத்த அவருக்கு மனமில்லை. உங்களுக்கு அந்தச் செலவு இரண்டு மணி நேரத் தூக்கமாக இருக்கலாம். உண்மையிலேயே உடல் முடியாத வாரத்தில் வீட்டில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு உறங்குங்கள், குற்ற உணர்வு வேண்டாம்.

இனி அண்ணன். கேள்வியின் ஓரத்தில் நீங்கள் எழுதிய இந்த விஷயத்தைத்தான் நான் நடுவில் வைப்பேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயா நாட்டார். பலிபீடம் இருந்தது எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்தால் பல நாள் வழி. கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு நடந்து போய், பலி ஆட்டைக் கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து அண்ணனிடம் பேசிவிட்டு, மறுபடியும் சேலத்துக்கு நடப்பதாக நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தொல்லைக்கும் அது தகும் என்கிறார். யார் பக்கம் நியாயம் என்பதை அவர் அங்கே கேட்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த விடுப்பில் ஊருக்குப் போங்கள். முதல் முறை தனியாகப் போங்கள், போதகரையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். கிணற்றைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசாதீர்கள். இவ்வளவு காலம் பேசாமல் இருந்ததற்கு உங்கள் பக்கத்துத் தவறு எதுவோ அதை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், அவர் தவறைப் பட்டியல் போட வேண்டாம். அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் பேசிவிட்டு வாருங்கள். அண்ணன் முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் எழுதுகிறார். உங்களால் ஆனதைச் செய்த பிறகு நீங்கள் திருவிருந்துக்குப் போகத் தடையில்லை, கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். அண்ணன் பேசத் தொடங்கினால் கிணற்று விஷயத்தையும் ஆறப்போடாமல் முடித்துவிடுங்கள். அப்பா இருக்கும்போதே, அவர் முன்னிலையில், எந்த நாளில் யார் மோட்டார் போடுவது, மின் கட்டணமும் பழுதுச் செலவும் யாருக்கு எவ்வளவு, கோடையில் தண்ணீர் இறங்கினால் முறையை எப்படிச் சுருக்குவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.